உட்கார்ந்து சொன்ன சேதி

எங்கள் ரேடியோ நிலையத்துக்கு இயக்குநர், இன்ஜினியர், அறிவிப்பாளர் எல்லாம் நான்தான். இதை வெளியில் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளச் சொல்லி என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கெஞ்சுவார். லைசென்ஸ் இல்லாத நிலையம், சட்டப்படி குற்றம், எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனித் தெருவில் உட்கார்ந்துகொண்டு, பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கிய ஒரு கருவியை வைத்துச் சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் பேசியவள் நான். குரலைத் தாழ்த்தும் பழக்கத்தை எங்கள் வீடு எப்போதோ விட்டுவிட்டது. அது எப்படி விட்டது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

அப்போது பெரம்பலூரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ஜெயங்கொண்டம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். காலையில் இரண்டு பஸ் மாறிப் போய், சாயங்காலம் இரண்டு பஸ் மாறித் திரும்புவேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதியில் வீடு வந்து சேரும்போது தலைமுடி நரைத்திருக்கும். ஒரு நாள் லேபில் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் செய்முறை. ஒரு டிரான்சிஸ்டர், சில கெப்பாசிட்டர்கள், ஒரு செப்புக் காயில், சின்ன பேட்டரி. மேசையின் இந்த முனையில் பேசினால் அந்த முனையில் உள்ள ரேடியோவில் கேட்கும். "இதுக்கு மேல பவரை ஏத்தி வெளியில அனுப்புனா கேஸு, தெரிஞ்சுக்கங்க" என்றார் சார். பையன்கள் தலையாட்டினார்கள். பவரை ஏற்ற முடியும் என்பதையே அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது அதை எப்படி ஏற்றுவது என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை.

கூட்டாளி என் சித்தப்பா மகள். என்னைவிடச் சில மாதம் சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரிது. அரியலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வாசலில் எரிந்துபோன செப்புக் கம்பியைக் கொட்டி வைத்திருப்பார்கள். அதில் நல்லதாகப் பார்த்து அவள்தான் கேட்டு வாங்கி வந்தாள். அதை பால்பாயிண்ட் ரீஃபில்மேல் சுற்றிக் காயில் செய்தேன். பழைய டேப்ரெக்கார்டரிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். அலுமினியக் குழாய்க்கு யாரோ கழற்றிப் போட்ட டி.வி. ஆன்டெனா. அதை ஒரு மூங்கிலில் கட்டி மொட்டை மாடியில் நிறுத்தி, மேலே அம்மாவின் புடவை ஒன்றைக் காயப்போட்டுவிட்டால் துணிக்கொடிக் கம்பம் என்று நினைத்துக்கொள்வார்கள். பேட்டரி சித்தப்பாவின் பைக்கிலிருந்து. சாயங்காலம் கழற்றி, வேலை முடிந்ததும் மாட்டிவிடுவோம். தன் வண்டியின் ஹாரன் ஏன் அடிக்கடி கம்மிப்போகிறது என்று அவர் மெக்கானிக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் சோதனைக்கு, கையில் சைனா ரேடியோ ஒன்றைக் கொடுத்து அவளை நடக்கவிட்டேன். எங்கே சத்தம் விட்டுப்போகிறதோ அங்கிருந்து திரும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் மைக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணி எண்ணித் தொண்டை வறண்டது. அவள் வரவில்லை. பொழுது சாய்ந்த பிறகு வந்தாள். ஏரிக்கரையைத் தாண்டி, அடுத்த ஊர் பிள்ளையார் கோயில் வரைக்கும் போயிருக்கிறாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்றேன்.

"நீ நிறுத்துனாத்தானே நான் நிக்கிறதுக்கு" என்றாள். "கோயிலாண்ட நின்ன ஆளுங்க எல்லாம், ஏம்மா இந்தப் பொண்ணு இப்படி எண்ணிக்கிட்டே இருக்குன்னு கேக்குறாங்க."

அன்று நான் சாப்பிடவே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஒரே ஒரு வியாதி இருந்தது. வெயில் ஏற ஏற எங்கள் நிலையம் இருந்த இடத்தில் இருக்காது. காயில் சூடானால் அலைவரிசை மெல்ல நகரும். கேட்பவர்கள் ரேடியோவின் முள்ளைத் திருகித் திருகி எங்களைத் துரத்த வேண்டும். பாலிடெக்னிக் புத்தகத்தில் இதற்குச் சொல்லியிருந்த வழிகளுக்கெல்லாம் சாமான் வாங்க எங்களால் முடியாது. யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எப்போதும் குளிர்ச்சியாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. மூலையில் மணல் கொட்டி, அதன்மேல் தண்ணீர்ப் பானை வைத்திருப்போம். பானை கசிந்து மணல் எப்போதும் ஈரமாக இருக்கும். பானைக்குப் பின்னால் மணலில் ஒரு செங்கல்லைப் பதித்து, அதன்மேல் பிஸ்கட் டப்பாவை வைத்தேன். அதற்குப் பிறகு நிலையம் அசையவில்லை. இந்த யோசனைக்காக எனக்கு யாரும் மெடல் கொடுக்கவில்லை. "தண்ணி மொள்ள விடாம வயரைப் போட்டு வச்சிருக்கா பாரு" என்று அம்மாவிடம் ஏச்சுத்தான் வாங்கினேன்.

மின்வெட்டு ஊரைப் பிடித்து ஆட்டிய காலம் அது. கரண்ட் போனதும் எல்லா வீட்டு டி.வி.யும் செத்துவிடும். எங்களுக்கு பேட்டரி இருந்தது. சனங்களின் கையிலோ எஃப்.எம். வைத்த சைனா போனும், பேட்டரி போட்ட ரேடியோவும் இருந்தன. அதனால் கரண்ட் போன நேரமெல்லாம் எங்கள் நேரம். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பேசினோம். நிலையத்துக்குப் பெயர் வைக்கவில்லை, வைத்தால் பிடித்துவிடுவார்கள் என்று பயம். சனங்களே "கரண்ட் போன ரேடியோ" என்று வைத்துவிட்டார்கள்.

ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்துவிட்டதா, டேங்கில் எப்போது தண்ணீர் விடுவார்கள், எந்தப் பள்ளத்தில் டவுன் பஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறது, பருத்தி எடுக்க எந்தக் கொல்லைக்கு ஆள் வேண்டும், இதெல்லாம்தான் செய்தி. நடுவில் கேசட்டில் பாட்டு. சித்தப்பா மகள் கேசட்டைத் திருப்புவாள், ஊர் வம்பைச் சேகரித்து வருவாள். பேசுவது நான். வீட்டில் வூடு என்றும் சாவியைத் தொறப்பு என்றும் பேசுகிறவள், மைக்கைப் பார்த்தால் மட்டும் அச்சடித்த தமிழில் பேசுவேன். திருச்சி ரேடியோவைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். யாரும் சொல்லித்தரவில்லை.

இந்தத் தமிழால் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் ஊரில் மேலத்தெரு என்பது நிலம் வைத்திருப்பவர்களின் தெரு. நாங்கள் அவர்கள் நிலத்தில் தலைமுறையாக வேலை செய்தவர்கள். மேலத்தெருவிலும் எங்கள் ரேடியோவைக் கேட்டார்கள், விழுந்து விழுந்து கேட்டார்கள். ஆனால் இவ்வளவு நன்றாகப் பேசுகிறவள் காலனிப் பெண்ணாக இருக்க முடியாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. பக்கத்தில் சிமெண்ட் கம்பெனியின் குவாட்டர்ஸ் இருந்தது. அங்கே இன்ஜினியரின் மனைவி ஒருத்தி பொழுதுபோகாமல் நடத்துகிறாள் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

இதைக் கொண்டு வந்து சொன்னவர் அப்பா. மேலத்தெருவின் பெரியவீட்டில் அப்பா வேலை செய்தார். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருக்கும்போது அவர்கள் அந்த இன்ஜினியர் மனைவியைப் பற்றிப் பேசுவார்களாம். "படிச்ச பொம்பளைன்னா பேச்சுலயே தெரியுது பாரு" என்றாராம் பெரியவீட்டுக்காரர். அப்பா தூற்றிக்கொண்டே இருந்தாராம். வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என்னிடம் நேராக எதுவும் சொல்ல மாட்டார். ஆனால் நான் மைக்கில் பேசும்போதெல்லாம் தெருக்கோடியில் போய் நின்று, பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டுவிட்டு வருவார். வீட்டுக்குள் நேரில் கேட்பதைவிட ரேடியோவில் கேட்பதுதான் அவருக்குப் பிடித்தது.

அப்பாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை வேலை என்று சொல்ல எனக்கு வாய் வராது. மேலத்தெருவில் யாராவது இறந்தால் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல எங்கள் தெருவிலிருந்துதான் ஆள் போக வேண்டும். முறை வைத்துப் போவார்கள். பெரியவீட்டுச் சாவு என்றால் மட்டும் எப்போதும் அப்பாதான். மீன்சுருட்டிக்கு சைக்கிளில், அரும்பாவூருக்கு பஸ்ஸில். போய் அந்த வீட்டு வாசலில், கேட்டுக்கு வெளியே, துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இன்னார் தவறிவிட்டார், இந்த நேரத்துக்கு எடுப்பு என்று சொல்ல வேண்டும். முறத்தில் கொஞ்சம் நெல் வரும். வாங்கிக்கொண்டு அடுத்த ஊர்.

சின்ன வயதில் ஒரு தடவை சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து நானும் அவரோடு மீன்சுருட்டிக்குப் போனேன். அப்பா சேதி சொன்னார். உள்ளே அழுகை கிளம்பியது. அழட்டும், அவர்களுக்கு நேர்ந்தது துக்கம்தான். ஆனால் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வந்த மனிதரை உட்கார் என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா வெயிலில் நின்றார், நானும் நின்றேன். என் வயதுப் பெண் ஒருத்தி ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விதம்கூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவள் மீது எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. நியாயமில்லைதான், இருக்கிறது.

போன் வந்தால் இதெல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. போனில் சொன்னால் சொன்னதாக ஆகாதாம், ஆள் வந்து சொன்னால்தான் மரியாதையாம். போனிலும் சொல்லிவிடுவார்கள், அதற்குப் பிறகு அப்பாவையும் அனுப்புவார்கள். தெரிந்த சேதியைத் திரும்பச் சொல்வதற்காக அப்பா சைக்கிள் மிதிப்பார். கேட்கிறவர்களும் அப்போதுதான் கேட்பது மாதிரி கேட்டுக்கொள்வார்கள். "போகாதப்பா" என்று பல தடவை சொல்லிப் பார்த்தேன். "போவலன்னா வேலை இருக்காது, வருசத்து நெல்லு இருக்காது, தெருவுக்கே சங்கடம்" என்பார். எனக்குக் கோபம்தான் வரும்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தது. கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்வந்த ஓர் அக்கா. நல்லாத்தான் இருந்தாள், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். எங்கள் சாவுகளுக்குச் சேதி சொல்ல யாரும் யார் வீட்டு வாசலிலும் நிற்பதில்லை, தெரிந்தவர்கள் வருவார்கள். அன்று சாயங்காலம் நான் மைக்கை எடுத்து அந்த அக்காவின் முழுப் பெயரைச் சொன்னேன். பெயருக்குப் பின்னால் "அவர்கள்" சேர்த்தேன். இயற்கை எய்தினார், நாளை காலை நல்லடக்கம், உற்றார் உறவினர் அனைவரும் வந்து கலந்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறோம் என்று, பெரிய மனிதர்களுக்குச் சொல்வது போல் நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை சொன்னேன்.

மறுநாள் காலையில் எங்கள் தெரு கொள்ளவில்லை. அந்த அக்கா செங்கல் சுமந்த ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். பெயரே தெரியாமல் கூட வேலை செய்தவர்கள், ரேடியோவில்தான் பெயரைக் கேட்டோம் என்றார்கள். அம்மா அன்று முழுக்க என்னை ஏசவில்லை.

மேலத்தெருவிலும் கேட்டிருக்கிறார்கள். "குவாட்டர்ஸ் பொம்பளைக்கு ஊரு வழக்கம் தெரியல. யாருக்கு எதைச் சொல்றதுன்னு இல்லையா?" என்று பெரியவீட்டுக்காரர் அப்பாவின் காது கேட்கவே சொன்னாராம். ஆனால் அது அவர் மனதில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. சித்தாளுக்கு ரேடியோவில் சொன்னார்கள், நாளைக்குத் தன் வீட்டில் ஒன்று ஆனால் சொல்லாமல் விட்டுவிட்டால்?

கொஞ்ச நாளில் அவருடைய அம்மா இறந்துபோனார். வயதான மனுஷி, வெகுநாளாகப் படுக்கையில் இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் சித்தப்பா மகளும் அன்றைய நிகழ்ச்சிக்குக் கேசட் தேடிக்கொண்டிருந்தபோது சைக்கிள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. அப்பா வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றார். துண்டு தோளில் இல்லை, அக்குளில் இருந்தது. அவருக்கே தெரியாமல் அப்படி நின்றுவிட்டார்.

"பெரியவூட்டு அம்மா தவறிட்டாங்க" என்றார். "குவாட்டர்ஸுக்குப் போயி அந்த ரேடியோ அம்மாகிட்ட சொல்லி, மொதல்ல அதுல சொல்லச் சொன்னாரு ஐயா. சொல்லிட்டு அப்படியே மீன்சுருட்டி போயிட்டு, நாளைக்கு விடிய அரும்பாவூர் போவணும்."

சித்தப்பா மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களிடமே எங்களுக்குத் தூது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு, எங்கள் வீட்டு வாசலிலேயே துண்டை இடுக்கிக்கொண்டு நிற்கும் அப்பாவைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சொந்த மகளுக்கு, சொந்த வீட்டில், உள்ளே வராமல் நின்று சேதி சொல்கிறார்.

"உள்ள வாப்பா" என்றேன். "நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

"எனக்கு ரேடியோப் பேச்செல்லாம் வராது தாயி."

"ரேடியோப் பேச்சு வேணாம். வாசல்ல நின்னு சொல்றியே, அதையே உக்காந்து சொல்லு. சொல்லிட்டு, இதோட சரின்னும் சொல்லு."

சித்தப்பா மகளின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏண்டி, உனக்குப் பைத்தியமா? பெரியப்பா கொரலு ஊருக்கே தெரியும். ரேடியோ எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோயிடும்" என்றாள். அவள் சொன்னது சரி. ரேடியோ போகும், போலீஸ் வரும். அதைவிட, பெரியவீட்டு வேலை போகும், நெல் போகும், வேறு என்னென்ன வருமோ தெரியாது. அப்பாவுக்கும் அது எல்லாம் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பானைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து பேசும் முக்காலியை எடுத்து, தன் முந்தானையால் துடைத்து, மைக்குக்கு முன்னால் போட்டாள்.

"உக்காருய்யா" என்றாள்.

அப்பா உட்கார்ந்தார். துண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். நான் ஆன்டெனா வயரைச் செருகி பேட்டரியை இணைத்தேன். கரண்ட் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஊரெல்லாம் எங்களைக் கேட்கும் நேரம். சித்தப்பா மகள் ரேடியோவை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஆரம்பிக்கலாம் என்று அப்பாவுக்குத் தலையசைத்தேன்.

"சுத்துப்பட்டு சனங்களுக்கு வணக்கமுங்க" என்று ஆரம்பித்தார். "மேலத்தெரு பெரியவூட்டு ஐயாவோட அம்மா இன்னிக்கு மத்தியானம் தவறிட்டாங்க. பசிச்ச நேரத்துல சோறு போட்ட மனுசி. நாளைக்கு சாயங்காலம் எடுப்பு. சொந்தக்காரங்க இதையே நேர்ல வந்து சொன்னதா எடுத்துக்கணுமுங்க."

நிறுத்தினார். முடித்துவிட்டார் என்று நினைத்து பேட்டரியின் பக்கம் கையைக் கொண்டு போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாங்க பேசுறேன். இத்தினி வருசமா உங்க வாசல்ல நின்னு சேதி சொன்னவன். இப்ப எங்க வூட்ல உக்காந்து சொல்றேன். இந்த ரேடியோவும் எங்க வூட்லதான் இருக்கு. பேசுறது எம் பொண்ணு. இனிமே எங்க தெருவுலேர்ந்து யாரும் சேதி சொல்ல வர மாட்டோமுங்க. இந்த அம்மாவுக்குச் சொன்னதுதான் கடைசி."

பேசுறது எம் பொண்ணு என்று சொல்ல வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அது அவராகச் சொன்னது. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரிக்கு ஈடாக அதில் எதுவும் இல்லை.

வெளியே வந்து பார்த்தால் வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். யாரும் உள்ளே போகவில்லை. பொழுது இறங்கும்போது பெரியவீட்டு மகன் பைக்கில் வந்தான். என்னைவிட வயதில் சின்னவன், அப்பாவைப் பெயர் சொல்லி வா போ என்று பேசுகிறவன். கூட இரண்டு பேர். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தினான். அப்பா போனார். பின்னால் தெருவே போனது.

"எங்கப்பா கேக்குறாரு, மீன்சுருட்டிக்கு யாரு போறது?" என்றான்.

"போன் போடுங்க தம்பி" என்றார் அப்பா. "மரியாதையா இருக்கணும்னா நீங்களே போயிட்டு வாங்க. உங்ககிட்டதான் வண்டி இருக்குல்ல. சைக்கிளவிட வெரசாப் போவும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தப் பையன் எங்கள் தெருக்காரர்களை ஒரு தடவை பார்த்தான். அத்தனை பேர் அவ்வளவு அமைதியாக நின்று அவன் பார்த்திருக்க மாட்டான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். போனில் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் மீன்சுருட்டியிலிருந்தும் அரும்பாவூரிலிருந்தும் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். எடுப்பு சொன்ன நேரத்துக்கு நடந்தது.

நாங்கள் பயந்ததெல்லாம் நடக்காமல் இல்லை. அப்பாவுக்குப் பெரியவீட்டு வேலை போயிற்று, நெல்லும் நின்றது. எங்கள் தெருவில் யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர்கள் கூப்பிடாவிட்டால் ஊரில் வேலையே இல்லை என்ற காலம் போய்விட்டது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அப்பா அரியலூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனார். கொஞ்ச நாளில் பருத்தி வெடித்து, எடுக்க ஆள் இல்லாமல் மேலத்தெருக்காரர்களே வந்து கூப்பிட்டார்கள். எங்கள் பெண்கள் கூலியைப் பேசிக்கொண்டு போனார்கள். சேதி சொல்ல மட்டும் அதற்குப் பிறகு யாரையும் கூப்பிடவில்லை.

போலீசும் வந்தது. இரண்டு பேர். மாடிக்கு ஏறினார்கள், மூங்கிலில் அம்மாவின் புடவை காய்ந்துகொண்டிருந்தது. பரணைப் பார்த்தார்கள், பெட்டியைத் திறந்தார்கள். டேப்ரெக்கார்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுலதான் பேசுனியா?" என்றார் ஒருவர். நல்ல வெயில். "குடிக்கத் தண்ணி குடும்மா" என்று கேட்டார். அம்மா பானையைத் திறந்து சொம்பில் மொண்டு கொடுத்தாள். அவர் பானைக்கு முன்னாலேயே நின்று அண்ணாந்து குடித்தார். "தண்ணி சில்லுன்னு இருக்குதும்மா" என்று இன்னொரு சொம்பும் வாங்கிக் குடித்துவிட்டு, இனிமேல் இப்படியெல்லாம் செய்யக்கூடாது என்று எனக்கு அறிவுரையும் சொல்லிவிட்டுப் போனார். பிஸ்கட் டப்பா பானைக்குப் பின்னால்தான் இருந்தது.

அதோடு நிலையத்தை மூடினேன். கொஞ்சம் பயம், கொஞ்சம் பரீட்சை. டப்பாவை மட்டும் தூக்கிப் போடவில்லை. இன்றைக்கு அரியலூரில் எலக்ட்ரானிக் தராசு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன், லாரியோடு எடை போடும் பெரிய தராசு வரைக்கும் பார்ப்பேன். டப்பா கடையில் என் தலைக்கு மேலே அலமாரியில் இருக்கிறது. என்ன அது என்று கேட்கிறவர்களுக்கு முழுக் கதையையும் சொல்லிவிடுவேன், என் வீட்டுக்காரர் முறைத்தாலும் சரி.

போன வருஷம் அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பெரியவீட்டு மகன். முன்தலை வழுக்கை விழுந்து, ஆள் பருத்திருந்தான். வண்டியிலிருந்து இறங்கி, கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்றான். முகம் வீங்கியிருந்தது, அழுதிருக்கிறான் என்று தெரிந்தது.

"அப்பா தவறிட்டாருங்க" என்றான். "காலையில. உங்களுக்குச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்பா நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். முழங்கால் வலி அவருக்கு. தோளில் துண்டு இருந்தது, அதைத் தொடவில்லை. கேட் வரைக்கும் போய்க் கொக்கியைத் தூக்கித் திறந்தார்.

"வெயில்ல ஏன் நிக்கிறீங்க தம்பி" என்றார். "உள்ள வாங்க. உக்காந்து சொல்லுங்க."

அவன் உள்ளே வந்தான். அப்பா எழுந்த நாற்காலியை நான் எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தான். அம்மா பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை அப்பா அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"எடுப்பு எத்தினி மணிக்கு?"